உறை ஊற்றும் பம்பும் யோகத்தின் கையும்

சட்டியைச் சரித்தேன். தயிர் அசையாமல் நிற்க வேண்டும். அது பால் மாதிரி ஓடி வந்து என் பெருவிரலை நனைத்தது.

பக்கத்துச் சட்டியைச் சரித்தேன். அதுவும் ஓடியது. கடைசிப் பக்கத்துச் சட்டிகள் முழுக்க அப்படித்தான். முன்பக்கத்துச் சட்டிகள் வேறு மாதிரி. அவை இறுகித்தான் இருந்தன. ஆனால் மேலே பச்சைத் தண்ணீர் கசிந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் பல் கூசுகிற புளிப்பு.

ஒரே எருமைப் பால். ஒரே பம்ப். ஒரே நாள். முன்னுக்குப் புளிப்பு, பின்னுக்குப் பால்.

கச்சான் என்ற சூட்டுக் காற்று வீசுகிற காலம் அது. வெயில் ஏறுவதற்கு முன்னமே எங்கள் பால் சங்கக் கட்டடத்துத் தகரம் சுடத் தொடங்கிவிட்டது. பெண்கள் எல்லோரும் சட்டிகளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என் மச்சாள் பூமணிதான் திறந்தாள். அவள் வாய் ஒருநாளும் பூட்டிக் கிடந்ததில்லை.

"நான் சொல்லல்லயா? மிஷின் வாங்கினாப்போல கை மாறுமா?"

மிஷினை இயக்குகிற யோகம் வாசலில் நின்றாள், கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். எறியவில்லை. மடித்து வைத்தாள். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

எழுதுகிறது நான்தான்

கதைக்குள் போக முதல் ஒரு சங்கதி. போன கிழமை பத்திரிகையில் வந்த என் எழுத்தை வாசித்துவிட்டுச் சந்திக் கடையில் ஒருவர் சொன்னாராம்: "ரெண்டாம் வகுப்புப் படிச்ச கிழவி இவ்வளவு எழுதுமா? ஆரோ எழுதிக் குடுக்கிறாக."

ஐயா, எழுதுவது நான்தான். பைய எழுதுவேன். பக்கத்தில் தேத்தண்ணீர் ஆறிப்போகும். பிழைகளைப் பத்திரிகைக்காரர் பார்த்துக்கொள்வார், அது அவருடைய வேலை. நடந்ததை நினைவு வைத்திருப்பது என் வேலை. அதில் எனக்குப் பிழை வராது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெண்கள் நடத்துகிற பால் சங்கம் எங்களுடையது. அதற்கு நான் தலைவி. கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் வைத்துத் தொடங்கியவள், இன்றைக்கு முழுப் பெயரும் எழுதுவேன். இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் இருக்க என்ன கிடக்கு?

டிக்டிக்

முன்பெல்லாம் உறை ஊற்றுவது கையால்தான். காய்ச்சின பால் இளஞ்சூட்டுக்கு ஆறியதும், ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கரண்டி உறைமோர். பால் கொஞ்சமாக வந்த காலத்தில் அது சரி. எருமைகள் பெருகி, அக்கம்பக்கத்து ஊர்ப் பாலும் எங்களிடம் வரத் தொடங்கியபோது, கரண்டி பிடித்த கைகள் சோர்ந்துபோயின. ஒருத்தி குழந்தைக்கு மருந்து கொடுப்பது போல ஊற்றுவாள். இன்னொருத்தி கோயிலில் தீர்த்தம் தெளிப்பது போல.

அதனால்தான் மிஷின் வந்தது. பெரிய தொட்டியிலிருந்து பால் ஒரு குழாய் வழியாகச் சட்டிகளுக்கு வரும். அந்தக் குழாயின் பக்கத்தில் ஒரு சின்னப் பம்ப். வெள்ளை டிரம்மில் இருக்கிற உறைமோரை அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, ஓடுகிற பாலுக்குள் தள்ளும். ஒவ்வொரு தள்ளுக்கும் டிக் என்று ஒரு சத்தம். டோசிங் பம்ப் என்று விற்றவர்கள் சொன்னார்கள். நாங்கள் டிக்டிக் என்று கூப்பிட்டோம்.

அதை இயக்கப் பழகியவள் யோகம். யோகராணி. என் தங்கச்சியின் மகள்.

யோகத்தின் புருஷன் மோட்டார் சைக்கிளில் போய் விபத்தில் செத்தவன். ஒரு பெண்பிள்ளை, பள்ளிக்கூடம் போகிறது. யோகம் அழுதுகொண்டு மூலையில் இருக்கிறவள் இல்லை. மிஷின்காரர் பழக்க வந்தபோது எல்லோரும் எட்ட நிற்க, இவள் மட்டும் கிட்டப் போய், "அந்தத் திருகு எதுக்கு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து டிக்டிக் அவள் கையில்.

முதல் இரண்டு கிழமை தயிர் கல்லு மாதிரி. மறுகாதான், அதற்குப் பிறகுதான், பிழையாகத் தொடங்கியது. இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்கு நிறைய.

கை

கைராசி என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் சின்னப் பேச்சு இல்லை. வயல் வட்டையில் விதைப்புத் தொடங்கும்போது முதல் பிடி நெல்லை ஆர் எறிவது என்று பார்ப்போம். கன்று போட்ட எருமையை முதலில் கறக்க ஆள் பார்ப்போம். சும்மா சொல்லக் கூடாது, நானும் பார்க்கிறவள்தான்.

என் தாயார் தயிர்ச் சட்டி சுமந்து, பாதையில் ஏறி, வாவி கடந்து எழுவான்கரைக்கு விற்கப் போனவ. பாதை என்றால் ரோட்டு இல்லை, வாகனமும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. காற்று அடித்தால் ஆடும். பாதைக்காரர் பகிடிக்கு, "ஆச்சி, உங்கட தயிர் கலங்கினா வாவியெல்லாம் மோர்தான்" என்பாராம். "நான் உறை ஊத்தின தயிர். வாவி கலங்கும், தயிர் கலங்காது" என்று என் தாயார் சொல்வா. அப்படித் தன் கையை நம்பின ஆள் அவ.

ஆனால் நல்ல கை என்று ஒன்று இருந்தால் கூடாத கை என்றும் ஒன்று இருக்க வேண்டும், இல்லையா? அங்கேதான் வில்லங்கம். நல்ல கையைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேசுவார்கள். கூடாத கையைக் காதுக்குள் பேசுவார்கள்.

பூமணி காதுக்குள்ளும் பேசவில்லை. கிணற்றடியில், நாலு பேருக்கு நடுவில், "தாலி நிலைக்காத கை. அதால உறை நிலைக்குமா?" என்று கேட்டுவிட்டாள்.

அது யோகத்தின் காதுக்கும் போனது. பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, படியில் குந்தியிருந்து, "பெரியம்மா, நான் வெளிநாடு போகப் போறன்" என்றாள்.

"என்னத்துக்கு?"

"அரபு வீட்டில சட்டி கழுவ. அங்க ஆரும் என்ட கையப் பாக்க மாட்டாங்க."

"புள்ளய?"

"நீங்க பாருங்க."

பாஸ்போட்டுக்குப் படமும் எடுத்துவிட்டாள். அதை என்னிடம் காட்டினாள். படத்தில் அவள் முகம் பூட்டின கதவு மாதிரி இருந்தது.

பூமணியின் நாள்

அந்தக் கிழமைதான் எங்கள் குடியில், எங்கள் வம்சத்தில், ஒரு சாவு. சங்கத்தில் பாதிப் பேர் சொந்தக்காரர், எல்லோருக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்குக் கழிக்கிற அன்று வீட்டில் இருந்த பழைய மோரையெல்லாம் கொட்டி, சட்டி பானை கழுவுவது எங்கள் வழமை. சங்கத்து டிரம்மையும் கவிழ்த்து, வெயிலில் காயவிட்டோம். சித்தாண்டிப் பக்கத்தில் தெரிந்த வீட்டில் புது உறைமோர் வாங்கி வந்தோம்.

அடுத்த நாள் யோகம் பாஸ்போட் அலுவலாக டவுனுக்குப் போய்விட்டாள். டிக்டிக்கை ஆர் போடுவது? பூமணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "தள்ளுங்க கா. பொத்தானத்தானே அமத்திற?"

அமத்தினாள்.

மறுநாள் காலை சட்டிகளைச் சரித்தோம். ஒன்றும் ஓடவில்லை. முதல் சட்டியும் கடைசிச் சட்டியும் ஒரே மாதிரி. வெண்ணெய் போல.

பூமணி கையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள். "பாருங்க. வடிவாப் பாருங்க."

அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல? தலைவி என்றாலும் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல முடியுமா? மனதுக்குள் எனக்கே ஒரு ஆட்டம் வந்தது. என் தங்கச்சி பெற்ற பிள்ளை. அவளைப் பற்றி அப்படி நினைக்க வைத்துவிட்டதே என்று அந்தத் தயிரின் மேல் கோபம் வந்தது.

அதற்கு அடுத்த நாளும் பூமணிதான் போட்டாள். அன்று கடைசிச் சட்டிகள் கொஞ்சம் தளும்பின.

"இதென்ன மச்சாள்?" என்று கேட்டேன்.

"அவள் வாசலில நிண்டு பாத்தவள்" என்றாள்.

கூட்டத்தில் பேச்சு வந்தது. யோகம் மிஷின் பக்கம் வரக் கூடாது, சட்டி கழுவட்டும் என்று கைகள் உயர்ந்தன. நான் ஒரு தவணை வாங்கினேன். "மிஷின் திருத்திற ஆளக் கூப்பிட்டுக் காட்டுவம். அவர் மிஷினில பிழை இல்ல எண்டு சொன்னா, மறுகா நீங்க சொன்னபடி செய்யிறன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். மிஷினில் பிழை இல்லாவிட்டால், யோகத்தை நானே அனுப்ப வேண்டும்.

அன்டன் வந்தார்

டவுனிலிருந்து வந்தவர் பெயர் அன்டன். வேதக்காரர், நாற்பது வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, காதில் ஒரு பென்சில். பம்பைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். பிறகு டிரம்மைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் கேட்டார்.

கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, பம்பை அதில் உறிஞ்ச விட்டார். ஒரு நிமிடத்தில் தண்ணீர் எந்தக் கோட்டுக்கு இறங்குகிறது என்று பார்த்தார். மறுபடியும். மறுபடியும். ஒவ்வொரு முறையும் ஒரே கோடு.

"பம்ப் தங்கம், அம்மா" என்றார்.

பூமணி இருமினாள். அது இருமல் இல்லை, கெக்கட்டச் சிரிப்பு.

"தங்கம் எண்டா பின்ன ஏன் தயிர் இப்பிடி?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கும் விளங்கல்ல. தண்ணிக்குச் சரியா அளக்குது. உங்கட மோருக்கு ஏன் அளக்குதில்ல?" அவர் டிரம்மைக் குனிந்து பார்த்தார். "இத ஒவ்வொரு நாளும் கழுவுறீங்களா?"

"கழுவுவம்" என்றோம், ஒரே குரலில். பொய் இல்லை. ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டு, தும்பால் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள் நாங்கள். டிரம் பளிச்சென்று இருந்தது. அவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

யோகம் வெளியில் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட உள்ளே பார்க்கவில்லை. சட்டிகள் ஒன்றோடு ஒன்று முட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சோறு தின்னும்போது

மத்தியானம் ஆகிவிட்டது. வந்தவரைப் பசியோடு அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சோறு, இறால் சுண்டல், வாழைக்காய்ப் பொரியல். கடைசியில் ஒரு சின்னச் சட்டித் தயிரும் தேனும், நல்ல நாளில் உறைந்த தயிர்.

அன்டன் தயிரை ரசித்துத் தின்றார். முடிகிற நேரம் கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டத் தொடங்கினார்.

"தம்பி, தம்பி!" பூமணி பதறிப்போனாள். "அடி வழிக்காதீங்க. வீட்டுக்கு ஆகாது."

அவர் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி, "எங்கட அம்மா என்னை வழிச்சு நக்க விட்டுத்தான் வளத்தவ" என்றார்.

"அதுதான் தம்பி தலையில முடி நிக்கல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அன்டனும் தன் வழுக்கையைத் தடவிச் சிரித்தார். பூமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பால் மோர் இருந்த சட்டிய வெறுஞ்சட்டி ஆக்கப்படா. அடியில கொஞ்சம் விடணும். அதுதான் தாய். தாய் இருந்தாத்தானே மறுகா பெருகும்?"

அன்டன் சிரிப்பதை நிறுத்தினார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"அக்கா, அந்த டிரம்மிலயும் அடி வழிக்கிறல்லயா?"

"வழிப்பமா? நாங்க என்ன தெரியாத ஆக்களா?" பூமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கழுவ முதல் அடியில கிடக்கிறத ஒரு பானைக்குள்ள எடுத்து வைப்பம். டிரம்மக் கழுவிப்போட்டு மறுகா அதை உள்ளுக்க ஊத்துவம். அதுக்கு மேலதான் புது மோர்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒரு நாளும் தவறுறல்ல."

அவர் எழும்பிக் கை கழுவினார். தயிர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பம்பின் அடியில் இருந்த ஒரு சின்னப் பித்தளை மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு குண்டு உருண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. சுண்டைக்காய் அளவு. அதைச் சுற்றி மஞ்சளாக, ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒன்று அப்பிக் கிடந்தது. அவர் மூக்கருகே பிடித்துவிட்டு முகத்தைத் திருப்பினார். எனக்கும் நீட்டினார். பழைய, இறுகின தயிர். எத்தனை நாள் பழசோ.

"இந்தக் குண்டுதான் கதவு" என்றார். "பம்ப் உறிஞ்சேக்க திறக்கும், தள்ளேக்க பூட்டும். அப்பதான் மோர் முன்னுக்குப் போகும். உங்கட அடித்தயிர் கட்டிகட்டியா வந்து இதில ஒட்டிச்செண்டா, கதவு முழுசாப் பூட்டாது. இந்த ஈரப் பூச்சோட தண்ணிக்குப் பூட்டும், தண்ணியில கட்டி இல்லயே. தள்ளின மோர் திரும்பி டிரம்முக்குள்ளயே ஓடும். சத்தம் மட்டும் டிக்டிக் எண்டு கேக்கும்."

"அப்ப முன் சட்டியெல்லாம் ஏன் புளிச்ச?" என்று கேட்டேன்.

"உறிஞ்சுற குழாய் டிரம்மின்ட அடியில முட்டிக்கொண்டு நிக்குது. முதல்ல போறது அந்தத் தடிச்ச புளிச்ச அடி. அது முன் சட்டிகளுக்கு. மறுகா கட்டி இதில சிக்குது. கடைசிச் சட்டிகளுக்கு ஒண்டும் போகுதில்ல."

நாங்கள் எல்லோரும் மாறி மாறி அந்த அடியை எடுத்து வைத்தவர்கள். யோகமும் எடுத்து வைத்தவள்தான். தாய் என்று சொல்லி மிஷினுக்குள் லட்சுமியை ஏற்றி உட்கார வைத்திருக்கிறோம், அவ கதவில் மாட்டிக்கொண்டா.

அன்டன் கேட்டார்: "எப்பயாவது அடி வைக்காம, முழுசாக் கொட்டி, புது மோர் ஊத்தினீங்களா?"

பதில் வெளியிலிருந்து வந்தது. யோகம் வாசலில் நின்றாள், முழங்கைவரை ஈரம்.

"துடக்குக் கழிச்ச அண்டைக்கு" என்றாள். "அடுத்த நாள்தான் பூமணி மாமி பொத்தான் அமத்தினவ."

பூமணி தன் கையைப் பார்த்தாள். பிறகு அதை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள்.

சிவப்புக் கோடு

பின்னேரம் முழுக்க வேலை. குழாயின் வாயை டிரம்மின் அடியிலிருந்து நாலு விரல் உயர்த்திக் கட்டினார். வாயில் ஒரு சல்லடை. மோரைத் துணியால் வடித்துத்தான் டிரம்முக்குள் விட வேண்டும் என்றார். அடியில் படியாமல் இருக்க, மெதுவாகச் சுற்றுகிற ஒரு துடுப்பும் வைத்தார். கோடு போட்ட கண்ணாடிக் குழாயைச் சுவரில் பொருத்திவிட்டு, "ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முதல் இதில மோர் விட்டு, ஒரு நிமிசம் ஓட்டிப் பாருங்க. இந்தக் கோட்டுக்கு இறங்கினாச் சரி. இறங்காட்டி, சட்டிக்கு விடாதீங்க, குண்டக் கழுவுங்க" என்றார்.

"சத்தம் கேட்டா?"

"சத்தத்த நம்பாதீங்க அம்மா. கோட்ட நம்புங்க."

அந்தச் சின்ன இலக்கங்கள் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. யோகத்தின் மகளுடைய நகப்பூச்சை வாங்கி, சரியான கோட்டின் மேல் சிவப்பாக இழுத்துவிட்டேன். இப்போது வாசலில் நின்றே பார்க்கலாம்.

"அப்ப தாய்?" பூமணிக்கு அதுதான் கவலை. "தாய முழுக்க வழிச்சுக் கொட்டவா சொல்றீங்க?"

அதற்குத் தலைவிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொன்னேன். "தாய்க்குத் தனிச்சட்டி. அந்தத் தட்டில வைப்பம். அதுக்கு விளக்கு வைக்கிறண்டாலும் வை. டிரம்முக்குள்ள மட்டும் வேணாம். ஆரு கேட்டாலும் நான் சொன்னது எண்டு சொல்லு."

பாவம் வந்தால் எனக்கு வரட்டும். இந்த வயதில் அது எவ்வளவு தூரம் என்னோடு வரப்போகிறது?

யோகம் கேட்டது

பால் இளஞ்சூட்டுக்கு வந்துவிட்டது. எல்லோரும் யோகத்தைப் பார்த்தோம். அவள் நகரவில்லை.

"வா புள்ள, போடு" என்றேன்.

"ஏன் பெரியம்மா நான்?"

"உன்ட கையில பிழை இல்லயே. அதான் தெரிஞ்சுபோச்சே."

"அந்தக் குண்டுல தயிர் ஒட்டியிருந்தபடியா என்ட கை நல்ல கை. ஒட்டாம இருந்திருந்தா?" அவள் குரல் உயரவில்லை. "நாளைக்கு வேற ஒண்டு பிழையாப் போகும். கரண்ட் போகும், எருமைக்கு நோய் வரும். அப்ப மறுகாவும் என்ட கைதானே?"

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், பூமணியைப் பார்த்து இல்லை. மோர் எந்தக் கோட்டுக்கு இறங்க வேண்டும் என்று மிஷின்காரர் சொல்லலாம். இதற்கு ஆர் கோடு போடுவது?

பிறகு நான் சொன்னது எங்கிருந்து வந்ததோ தெரியாது. "இண்டையில இருந்து தயிர் பிழையாப் போனா முதல்ல அந்தக் கோட்டப் பாக்கிற. அதுக்கு முன்ன ஆராவது கையப் பத்தி, தாலியப் பத்தி வாய் திறந்தா, அவள் இந்தச் சங்கத்துக்குப் பால் கொண்டுவரத் தேவல்ல. என்ட மச்சாளா இருந்தாலும்."

பூமணி ஏதோ சொல்ல வந்தாள். அன்டன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி காதிலேயே செருகினார்.

யோகம் கையைத் துடைத்தாள். கண்ணாடிக் குழாயில் மோர் விட்டாள், ஓட விட்டாள், குனிந்து சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். மோர் அந்தக் கோட்டில் வந்து நின்றது. மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். பிறகுதான் பாலைத் திறந்தாள்.

காலை

நான் நித்திரை கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? கொண்டேன். நல்ல நித்திரை. விடிந்ததும்தான் பயம் வந்தது.

நான் சங்கத்துக்குப் போகும்போது எல்லோரும் வந்துவிட்டார்கள். பூமணியும் வந்து ஒரு பலகைக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள். காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. முதல் சட்டியை மூடியிருந்த தாளை எடுத்தேன். சரித்தேன். நின்றது. தொட்டு நாக்கில் வைத்தேன். புளிப்பு அளவாக, பின்னால் மெல்லிய இனிப்பு. நடுவரிசை. நின்றது. அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை, ஓடினேன் என்று நினைக்கிறேன். கடைசிச் சட்டி.

நின்றது.

என் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சுப் போனது. எத்தனை நாளாக அது உள்ளே கிடந்ததோ. பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தார்கள். ஆரோ அழுதாள், ஆரோ அவளை ஏசினாள். யோகம் மட்டும் சும்மா நின்றாள்.

பூமணிக்குத்தான் மனம் வரவில்லை. "சும்மா சரிச்சுப் பாத்தாக் காணாது" என்றாள். "நல்ல தயிர் எண்டா கவிழ்த்தாலும் விழப்படா."

யோகம் அந்தக் கடைசிச் சட்டியைத் தூக்கினாள். "எங்க மாமி கவிழ்க்க? உங்கட தலையிலயா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பூமணிக்கு முகம் சிவந்தது. அவள் எங்கள் படுவான்கரைப் பெண், பின்வாங்கத் தெரியாது. கட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையை ஒதுக்கிக்கொண்டாள்.

"கவிழ்! நானென்ன பயந்தவளா?"

யோகம் அவளுக்கு முன்னால் வந்தாள். சட்டியை இரண்டு கையாலும் பிடித்து, பூமணியின் தலைக்கு மேலே உயர்த்தி, ஒரே திருப்பாகக் கவிழ்த்தாள். சிரிப்பு நின்றுபோனது. வெள்ளையாக, வட்டமாக, தயிர் அந்தத் தலைக்கு மேலே தொங்கியது. ஒரு துளி விழவில்லை.

பூமணி கண்ணை இறுக்கிப் பொத்தியிருந்தாள்.

"விழுந்திட்டாடி?"

"இல்ல மாமி."

"நிக்குதா?"

"நிக்குது. அசையாதீங்க."

"அப்ப எடு புள்ள. கண்டாச்சுத்தானே."

யோகம் உடனே எடுக்கவில்லை. பூமணி கண்ணைத் திறந்து, மெதுவாக மேலே பார்த்தாள். முதலில் தயிரை. பிறகு அதைப் பிடித்திருந்த கைகளை.

போதும் என்று சொல்ல வேண்டியவள் நான், தலைவி. நானும் சொல்லவில்லை.